கில்பர்ட் குன்றும் வெர்சோவாக் கடற்கரையும்

(மும்பை செம்பூரில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடிய அவையொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)

மும்பைப் பெருநகரின் வடமேற்கில், மாலாட் உப்பங்கழி அரபிக் கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்துள்ளது வெர்சோவா. அங்கு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் கோலி மீனவர்கள் தம் ஊரை வெசாவே என்றே வழங்குகின்றனர். கழிமுகத்தின் அக்கரையில் மட் தீவும் அதன் பழைய கோட்டையும் தெரியும். இரு கரைகளையும் படகுத்துறை இணைக்கிறது. இக்கரையில் வண்ணம் தீட்டிய விசைப்படகுகள் வரிசையாக நிற்கும். மழைக்காலம் கழிந்து வானம் வெளுத்ததும், கழிகளை நட்டுக் கயிறு கட்டிய உயர்ந்த பந்தல்களில் பொம்பில் மீன் இணையிணையாகத் தொங்கிக் காயும். தமிழகக் கரையில் வங்கரவாசி எனப்படும் மீனே இது. மாலை வெயிலில் அந்தக் கரையைக் கண்டவர்கள், இந்தியாவின் மிகப் பெரிய வாணிப நகரத்தின் எல்லைக்குள்தான் நிற்கிறோம் என்பதைச் சற்றே மறந்துவிடுவர்.

இக்கடற்கரையிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில், அந்தேரி மேற்குப் பகுதியில், ஏறத்தாழ 200 அடி உயரமுள்ள கரும்பாறைத் தூண் ஒன்று செங்குத்தாக நிற்கிறது. அதுவே கில்பர்ட் குன்று. உச்சியில் காவ்தேவி, துர்க்கை ஆகிய தெய்வங்களுக்குக் கோயில்கள் உள்ளன. பாறையில் வெட்டப்பட்ட செங்குத்தான படிகளின் வழியே அடியார்கள் ஏறிச் செல்கின்றனர். மேலே சென்றால் ஒருபுறம் நகரமும் மறுபுறம் கடலும் காட்சியளிக்கும். காவ்தேவி என்றால் ஊர்த்தெய்வம் என்று பொருள். அந்தேரி, வெர்சோவா, ஜோகேஸ்வரி ஆகியவை சால்செட் தீவின் சிற்றூர்களாக இருந்த நாளை நினைவூட்டும் பெயர் அது. 1950ஆம் ஆண்டில் பம்பாயின் எல்லை விரிவுபடுத்தப்பட்டபோதுதான் இவ்வூர்கள் மாநகரத்துக்குள் வந்தன.

கரையிலுள்ள உயர்ந்த பொருள்களைக் குறியாகக் கொண்டு கடலில் தம் இடத்தை அறிந்துகொள்வது எல்லாக் கடற்கரை மீனவர்க்கும் பொதுவான கலை. குமரி முதல் குஜராத் வரை கோயில் கோபுரமும், மாதாகோயில் சிலுவையும், மலைமுகடும் இப்பயனை அளித்துவந்துள்ளன. கில்பர்ட் குன்றைச் சுற்றி இன்று அதற்கு இணையான உயரமுள்ள மாடிக் கட்டடங்கள் எழுந்துவிட்டன. அருகிலுள்ள தெருவில் நடப்பவருக்கே குன்று ஓர் இடுக்கில்தான் தென்படுகிறது.

கல்லின் வயது

தக்காணப் பீடபூமியின் பெரும்பகுதி எரிமலைக் குழம்பு உறைந்து உருவானதாகும். இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் இந்தக் கரும்பாறை அடுக்குகள் பரவிக் கிடக்கின்றன. நிலவியலார் இவற்றைத் தக்காண டிராப் என்பர். டிராப் என்பது படிக்கட்டைக் குறிக்கும் ஸ்வீடன் நாட்டுச் சொல்லிலிருந்து வந்தது. மும்பையிலிருந்து ரயிலில் புனே செல்வோர் மலைத் தொடரில் படிப்படியாக அமைந்த முகடுகளைக் கண்டிருப்பர். அப்பெயரின் பொருத்தம் அங்கே நன்கு விளங்கும்.

கில்பர்ட் குன்றின் வயது 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகள் என்று சுற்றுலாக் கையேடுகளும் நாளிதழ்களும் எழுதிவருகின்றன. தக்காண எரிமலைப் பெருக்கின் உச்சகாலத்துக்குரிய வயது அது. ஆனால், இக்குன்றின் பாறையிலேயே ஆர்கான் வாயுவின் அளவைக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வின் முடிவு 2001ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன்படி குன்றின் வயது ஏறத்தாழ 6 கோடியே 5 லட்சம் ஆண்டுகள். இந்த 55 லட்சம் ஆண்டு வேறுபாடு அற்பமானதன்று. பீடபூமியின் பெரும் எரிமலைப் பெருக்கு ஓய்ந்த பின்னரும் மும்பைக் கரையில் நெருப்புக் குழம்பு தொடர்ந்து மேலெழுந்தது என்பதற்கு இக்குன்று சான்றாக நிற்கிறது. மாலாடுக்கு அப்பாலுள்ள மனோரியிலும், அந்தேரிக்குக் கிழக்கிலுள்ள சாகிநாக்காவிலும் எடுக்கப்பட்ட வேறுவகைக் கற்களும் ஏறத்தாழ இதே காலத்தைக் காட்டியுள்ளன. வரலாற்று மாணவருக்குக் கல்வெட்டு எதுவோ, நிலவியல் மாணவருக்கு இப்பாறை அதுவே. கல்வெட்டைப் படியெடுத்து வைக்கலாம். பாறையைப் படியெடுக்க இயலாது. நாளை இதைவிடத் துல்லியமான கருவி வருமாயின், அதனைப் பயன்படுத்தக் கல் அவ்விடத்திலேயே இருத்தல் வேண்டும்.

இதன் உருவமும் கருதத்தக்கது. கொதிக்கும் குழம்பு குளிரும்போது சுருங்குகிறது. சுருங்கும் பொருளில் வெடிப்பு தோன்றுவது இயல்பு. ஏரி வற்றியபின் அதன் படுகையில் களிமண் பாளம் பாளமாக வெடிப்பதைத் தமிழ்நாட்டு மாணவர் எவரும் அறிவர். பாறைக் குழம்பிலோ அவ்வெடிப்பு, குளிர்ச்சி உட்புகும் திசையிலேயே ஆழமாக இறங்கிச் செல்கிறது. அதன் விளைவாக ஐந்து பக்கமும் ஆறு பக்கமும் கொண்ட நெடுந்தூண்கள் அடுக்கி வைத்தாற்போல் உருவாகின்றன. கில்பர்ட் குன்று என்பது அத்தகைய தூண்களின் ஒரு கட்டு. கர்நாடகத்தில் மால்பே மீன்பிடி துறைமுகத்துக்கு எதிரேயுள்ள செயின்ட் மேரித் தீவுகளிலும் இத்தகைய தூண்கள் உண்டு. அவை இதைவிடப் பழையவை. இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்த காலத்தோடு அவற்றை நிலவியலார் தொடர்புபடுத்துவர்.

கல்லின் விலை

மும்பை நகரம் கடலைத் தூர்த்தும் குன்றுகளை உடைத்தும் கட்டப்பட்டது. குர்லாவின் கருங்கல்லும் மாலாடின் மஞ்சள்நிறக் கல்லும் அந்நகரின் பெருங்கட்டடங்களில் இன்றும் காணக் கிடைக்கின்றன. 1905ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்ற அருங்காட்சியகம் இவ்விருவகைக் கற்களாலும் எழுந்தது. அன்று வேல்ஸ் இளவரசர் பெயரால் வழங்கிய அக்கட்டடம் இன்று சத்ரபதி சிவாஜி மகாராஜ் பெயரைத் தாங்கி நிற்கிறது. ரயில் பாதைக்கு ஜல்லி, சாலைக்குக் கப்பி, கரையைத் தூர்க்கக் கரடுகல் என்று தேவை பெருகிக்கொண்டே சென்றது. கில்பர்ட் குன்றைச் சூழ்ந்திருந்த பாறையும் குவாரிகளில் உடைபட்டு அகன்றது. இன்று நிற்கும் தூண், முன்னிருந்த பெரிய பாறைத் திரளின் எஞ்சிய பகுதியே.

கல்லை உடைத்தவர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் அது நியாயமன்று. கூலிக்கு உடைத்தவர் தம் வயிற்றுக்காக உடைத்தனர். குத்தகைதாரர் அரசு அளித்த உரிமையின்பேரில் உடைத்தனர். குறைபாடு கணக்கு எழுதும் முறையிலேயே உள்ளது. உடைபட்ட கல்லுக்கு விலை உண்டு. அந்த விலை உற்பத்தியில் சேர்கிறது, கூலியாகவும் இலாபமாகவும் பிரிகிறது, அரசுக்கு உரிமைத்தொகையாகவும் வருகிறது. நிற்கும் கல்லுக்கு அத்தகைய பற்று வரவு எதுவும் இல்லை. குன்று ஒன்று தேய்ந்து மறைந்தால், நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் ஜல்லியின் மதிப்பு கூட்டப்படும். குன்றின் மறைவு கழிக்கப்படுவதில்லை. இக்குறையை நீக்கும் வழிகளை ஆராய இந்திய அரசு பேராசிரியர் பார்த்தா தாஸ்குப்தாவின் தலைமையில் குழு ஒன்றை அமைத்தது. இயற்கைச் செல்வத்தையும் நாட்டின் சொத்தாகக் கணக்கிட வேண்டுமென்னும் நோக்கில் அக்குழு 2013ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. பொருளாதாரம் பயிலும் மாணவர்கள் அவ்வறிக்கையை ஒருமுறையேனும் படித்தல் நலம்.

கல்லை வெட்டுவதெல்லாம் அழிவன்று என்பதற்கும் அந்தேரிப் பகுதியிலேயே சான்று உண்டு. ஜோகேஸ்வரிக் குடைவரையும், மகாகாளி குகைகள் எனப்படும் கொண்டிவிட்டேக் குடைவரைகளும் இதே எரிமலைப் பாறை நிலத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் குடையப்பட்டவை. அவை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 1958ஆம் ஆண்டின் தொல்பொருள் சின்னங்கள் சட்டமும், அதற்கு 2010இல் செய்யப்பட்ட திருத்தமும், அத்தகைய சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை புதுக் கட்டடம் எழும்பத் தடை விதிக்கின்றன. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். நடைமுறையில் ஜோகேஸ்வரியிலும் குடிசைகள் குகையின் தலைமீதே ஏறி நிற்கின்றன என்பது வேறு செய்தி. ஆயினும் சட்டம் என ஒன்று இருக்கிறது, வழக்காடுவதற்கு ஒரு பிடி இருக்கிறது.

கில்பர்ட் குன்றுக்கு அந்தப் பிடியும் இல்லை. வரலாறு, தொல்லியல், கலை ஆகியவற்றால் சிறப்புற்றவற்றையே அச்சட்டம் கருதுகிறது. மனிதனின் உளி பட்ட பாறை சின்னமாகிறது. உளி படாத பாறை, கட்டடக் கல் என்னும் சிறுகனிமமாகிறது. சிறுகனிமங்களுக்கான விதிகளை வகுக்கும் அதிகாரத்தை 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டம் மாநில அரசுகளுக்கு வழங்கியுள்ளது. ஆகவே ஒரே பாறை ஓர் அலுவலகத்தில் வருவாய் இனமாகவும் மற்றோர் அலுவலகத்தில் அறிவியல் செல்வமாகவும் பதிவாகிறது. முன்னதற்குப் பதிவேடும் வசூலரும் உண்டு. பின்னதற்குப் பெரும்பாலும் ஆய்வுக் கட்டுரை மட்டுமே உண்டு.

2007ஆம் ஆண்டில் பெருமும்பை மாநகராட்சி இக்குன்றை இரண்டாம் தர மரபுச் சின்னமாக வகைப்படுத்தியது. பயனுள்ள செயல் அது. குன்றை நேரடியாக உடைப்பதற்கு அதன்மூலம் தடை ஏற்பட்டது. ஆனால் குன்றின் நிலைப்பு குன்றை மட்டும் பொறுத்ததன்று. அதன் அடிவாரம் தோண்டப்பட்டாலும், கடைக்கால் பறிக்கும் எந்திரங்களின் அதிர்ச்சி தொடர்ந்து தாக்கினாலும், தூண்களுக்கிடையேயுள்ள இயற்கையான வெடிப்புகள் அகலும். மும்பையின் கடும்மழை அவ்வெடிப்புகளுக்குள் இறங்கி எஞ்சிய வேலையைச் செய்துவிடும்.

ஓர் அணையும் ஓர் அலுவலரும்

இங்கு அயல்நாட்டு நிகழ்ச்சி ஒன்றைக் குறிப்பிடுவது பொருந்தும். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் டெவில்ஸ் டவர் என்னும் பாறைத் தூண் உள்ளது. கில்பர்ட் குன்றைப் பற்றி எழுதுவோர் தவறாமல் ஒப்பிடுவது அதனையே. உருவத்தில் ஒப்புமை உண்டு எனினும் கல்லின் வகை வேறு. 1906ஆம் ஆண்டு செப்டம்பரில் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அதனைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். அந்நாட்டில் அவ்வாறு அறிவிக்கப்பட்ட முதல் சின்னமும் அதுவே.

ஆனால் இந்திய அலுவலர்களுக்கு அதனினும் படிப்பினை மிக்கது கலிபோர்னியாவின் டெவில்ஸ் போஸ்ட்பைல் பாறையின் வரலாறு. இது கில்பர்ட் குன்றைப் போலவே கரும்பாறைத் தூண்களால் ஆனது. 1910ஆம் ஆண்டில், அங்கு ஓடும் ஆற்றின் குறுக்கே மின் உற்பத்திக்காக அணை கட்ட ஒரு திட்டம் வந்தது. இப்பாறையை வெடிவைத்துத் தகர்த்து, அக்கற்களையே ஆற்றில் கொட்டி அணையாக்குவது என்பது அத்திட்டம். கல்லும் அருகில், ஆறும் அருகில், செலவும் குறைவு. காகிதத்தில் குறை காண முடியாத திட்டம். விண்ணப்பம் வனத்துறைப் பொறியாளர் வால்டர் ஹியூபரின் மேசைக்கு வந்தது. அவர் அதனை ஒப்பவில்லை. தம்மோடு நின்றுவிடாமல், ஜான் மியூர் முதலிய இயற்கை ஆர்வலர்களுக்கும் செய்தியை எட்டச் செய்தார். 1911 ஜூலையில் குடியரசுத் தலைவர் டாஃப்ட் அப்பாறையைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார். கோப்பு வந்த நாளில் அதனைப் படித்துப் பார்த்த ஓர் அலுவலரால் அப்பாறை இன்றும் நிற்கிறது. எத்தனையோ நாடுகளில் எத்தனையோ கோப்புகள் படிக்கப்படாமலே ஒப்பமாகியிருக்கும். அவற்றின் வரலாற்றை எழுதுவார் இல்லை.

வட அயர்லாந்தின் ஜயன்ட்ஸ் காஸ்வே இன்னொரு வகையில் கருதத்தக்கது. ஏறத்தாழ 40,000 கரும்பாறைத் தூண்கள் கடலுக்குள் இறங்கிச் செல்லும் அக்கரையின் எரிமலைக் கல்லும் கில்பர்ட் குன்றின் காலத்தை ஒட்டியதே. 1986இல் அது உலக மரபுச் சின்னமாயிற்று. அருகிலுள்ள புஷ்மில்ஸ் என்னும் சிற்றூரின் தங்குமிடங்களும் கடைகளும் அங்கு வருவோரால் வாழ்கின்றன. பாறை உடையாமல் நிற்பதால் ஊருக்கு ஆண்டுதோறும் வருவாய் வருகிறது. தமிழ்நாட்டில் இதற்கு மாமல்லபுரம் நிகர். சரிவான பாறையில் உருண்டுவிடுமோ என்று தோன்றும்படி நிற்கும் பெருங்கல்லைக் காணவே தனியாகக் கூட்டம் வருகிறது. 1957இல் அங்கு தொடங்கப்பட்ட அரசு சிற்பக் கல்லூரியில் பயின்றவர்களும், பரம்பரைச் சிற்பிகளும் வேறிடத்துக் கல்லைக் கொணர்ந்து செதுக்குகின்றனர். பழைய பாறையை நிற்க விட்டதனால் உளிக்கு வேலை குறைந்துவிடவில்லை.

அடிவாரத்து மக்கள்

கில்பர்ட் குன்றின் அடிவாரம் வெற்று நிலமன்று. அங்கே நெருக்கமான குடிசைப் பகுதி உள்ளது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அங்கே வாழ்கின்றனர். தாராவியை அறிந்தவர்க்கு அவர்களின் நிலையை விரித்துக் கூற வேண்டியதில்லை. பாறையைக் காப்பது என்றவுடன் இம்மக்களை விரட்டுவது என்று பொருள் கொள்வாரும் உளர். பாறையின் அழகில் ஈடுபட்டவர்கள் இவர்களை மறந்துவிடுவதும் உண்டு.

பாறைச் சரிவின் கீழே குடியிருப்பதன் ஆபத்தை மும்பை பலமுறை கண்டுள்ளது. 2000ஆம் ஆண்டு ஜூலையில் காட்கோபரில் மலைச்சரிவு இடிந்து குடிசைகள்மேல் விழுந்ததில் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021ஆம் ஆண்டு ஜூலையில் இதே செம்பூரின் பாரத் நகரில், மழையில் மண் சரிந்து சுவர் இடிந்து பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கில்பர்ட் குன்றின் வெடிப்புகளைப் பற்றிப் பேசுகையில், அறிவியல் செல்வம் என்பதற்கு முன்னதாக இந்த உயிர்களைக் கருத வேண்டும். பாறைக்கும் வீட்டுக்கும் இடையே போதிய இடைவெளி வேண்டும் என்பதில் பாறையின் நலனும் மக்களின் நலனும் ஒன்றாகவே உள்ளன.

அவ்வாறாயின் இடைவெளி ஏன் ஏற்படவில்லை? 1995இல் உருவான குடிசை மறுவாழ்வு ஆணையத்தின் முறைப்படி, குடிசைவாழ் மக்களுக்கு இலவச வீடு கட்டித் தரும் கட்டடக்காரருக்குக் கூடுதல் கட்டுமானப் பரப்பு வெகுமதியாக வழங்கப்படுகிறது. அதனை விற்றே அவர் செலவை ஈடுகட்டி இலாபமும் காண வேண்டும். இம்முறையால் வீடு பெற்றோர் பலர். ஆனால் இம்முறையின் ஏரணப்படி, குன்றின் அடியில் வெறுமையாக விடப்படும் ஒவ்வொரு சதுர அடியும் கட்டடக்காரருக்கு இழப்பு. அவர் குன்றை நெருங்கியே கட்ட விரும்புவார். வீட்டுக்காகப் பல ஆண்டு காத்திருக்கும் குடும்பமும் அதனைத் தடுக்க விரும்பாது. நல்லெண்ணத்தை மட்டும் நம்பி இங்கு எதுவும் நடவாது.

இதற்குரிய கருவி மும்பையின் கைவசமே உள்ளது. 1991ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகள், கட்டுமான உரிமையை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மாற்றிக்கொள்ள வழி செய்தன. நிலத்தின் சொந்தக்காரர் ஓரிடத்தில் கட்டாமல் விட்டுவிட்டால், அதற்கீடான பரப்பை நகரின் வேறு பகுதியில் கட்டவோ, பிறருக்கு விற்கவோ அவருக்குச் சான்று வழங்கப்படும். 1995இல் வந்த மரபுச் சின்ன விதிகள் இச்சலுகையை மரபுக் கட்டடங்களுக்கும் விரித்தன. பழைய மாளிகையின் உரிமையாளர் பெறும் அதே ஈட்டை, இயற்கைக் குன்றின் அடிவாரத்தைத் திறந்து விடுவோர்க்கும் அளிப்பதில் கோட்பாட்டளவில் தடையொன்றும் இருக்கலாகாது. குடும்பங்களுக்கு வீடு கிடைக்கும், ஆனால் பாறையின் நிழலில் அன்று. அந்தேரியை விட்டு வெகுதொலைவுக்கு அவர்களை அனுப்பினால் வேலையும் பள்ளியும் அறுந்துபோகும். ஆதலின் மாற்றிடம் அருகிலேயே அமைதல் வேண்டும். 2014 ஜூனில் தொடங்கிய வெர்சோவா–அந்தேரி–காட்கோபர் மெட்ரோ பாதை இவ்வட்டாரத்திலேயே செல்வதால், அருகு என்பதன் எல்லை முன்னைவிடச் சற்று விரிந்திருக்கிறது.

கழிமுகத்து ஊர்

குன்றைப் பற்றிக் கூறியது பெரும்பாலும் வெர்சோவாவுக்கும் பொருந்தும். அங்கும் நிற்பதற்கு விலையில்லை, மாற்றுவதற்கே விலை உண்டு. கோலி மீனவரின் பழைய தொழில் ஓதத்தை நம்பியது. கூம்பு போன்ற நீண்ட பைவலையை நீரோட்டத்தின் எதிரே நிலையாகக் கட்டிவைப்பர். ஏற்றவற்றத்தின் விசையே பொம்பிலையும் இறாலையும் வலைக்குள் தள்ளும். இதனை டோல் வலை என்பர். இவ்வலைக்கு ஓதம் தடையின்றி வர வேண்டும், நீர் தூய்மையாக இருக்க வேண்டும், குஞ்சு மீன் வளரக் கழியோரத்து அலையாத்திக் காடு வேண்டும். இம்மூன்றுமே தரை விலை ஏற ஏறச் சுருங்கிவந்துள்ளன. அலையாத்தி மரம் நிற்கும் சேறு, கணக்குப் புத்தகத்தில் நெடுங்காலம் பயனற்ற நிலமாகவே இருந்தது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து நகரம் மூழ்கியபோதே, மழைநீருக்கும் போக்கிடம் வேண்டும் என்பது பலருக்கும் உறைத்தது. அதே ஆண்டில் பம்பாய் உயர்நீதிமன்றம் அலையாத்தி மரங்களை வெட்டத் தடை விதித்தது. 2018இல் இறுதித் தீர்ப்பும் அவ்வாறே அமைந்தது.

மீன் ஏலத்திலும் சில்லறை விற்பனையிலும் முன்நிற்பவர்கள் கோலிப் பெண்கள். ஆண்கள் கடலுக்குச் செல்ல, கணக்கும் பேரமும் பெண்கள் கையில் இருப்பது இவ்வூரின் மரபு. ஜூன், ஜூலை ஆகிய இரு மாதங்களும் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆவணி அவிட்டத்தையொட்டி வரும் நாரளி பூர்ணிமையன்று கடலுக்குத் தேங்காய் படைத்துவிட்டு மீண்டும் தொழிலில் முனைவர். மத்திய மீன்வளக் கல்வி நிறுவனமும் வெர்சோவாவிலேயே உள்ளது. நாடெங்கிலுமிருந்து வரும் மாணவர்கள் அங்கு மீன்வள அறிவியல் பயில்கின்றனர். கல்விக் கூடமும் மீனவர் கரையும் ஒரே ஊரில் அமைவது எல்லா இடத்திலும் வாய்ப்பதன்று.

1991இல் வெளியான கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை பின்னர் 2011இலும் 2019இலும் மாற்றி எழுதப்பட்டது. 2011ஆம் ஆண்டின் அறிவிக்கை பெருமும்பையின் கோலிவாடாக்களுக்குத் தனி இடமளித்தது. ஆனால் ஓர் ஊருக்குச் சலுகை அளிக்கும்போது அவ்வூர் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது வரைபடத்தில் இருக்க வேண்டும். வீடுகள் மட்டும் ஊராகிவிடா. வலை உலர்த்தும் வெளி, பொம்பில் காயும் பந்தல், படகு ஏற்றும் மணல் ஆகியவை எல்லாம் ஊரே. அவற்றுக்குத் தனித்தனிப் பட்டா இல்லாததால் காலி நிலம் என்று எழுதிவிடுவது எளிது. குன்றின் அடிவாரத்துக்கும் மீனவரின் உலர்களத்துக்கும் நேர்ந்தது ஒரே வகைத் தவறு என்று சொன்னால் மிகையாகாது.

மக்கள் முயற்சியால் என்ன கூடும் என்பதற்கும் இக்கரையில் சான்று உண்டு. 2015 அக்டோபரில் அஃப்ரோஸ் ஷா என்னும் வழக்கறிஞர் அண்டை வீட்டார் ஒருவருடன் வெர்சோவாக் கடற்கரையில் குப்பை அள்ளத் தொடங்கினார். வாரந்தோறும் ஆட்கள் கூடினர். முழங்கால் அளவு பிளாஸ்டிக் குப்பை கிடந்த மணல் மெல்ல வெளிப்பட்டது. 2016இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு அவருக்கு விருதளித்தது. 2018 மார்ச்சில், நெடுங்காலத்துக்குப் பின் அக்கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைக் குஞ்சுகள் முட்டையிலிருந்து வெளிவந்து கடலை நோக்கிச் சென்றன. எனினும் ஓடைகளின் வழியே குப்பை மீண்டும் மீண்டும் கடலை அடைகிறது. அதனைத் தடுப்பது ஞாயிற்றுக்கிழமைத் தொண்டர்களின் வேலையன்று, மாநகராட்சியின் வேலை.

செய்ய வேண்டியவை

முதலாவதாகக் குன்றின் எல்லையும், அதனைச் சுற்றித் தோண்டக் கூடாத வளையமும் அளந்து நிலப்பதிவேட்டில் ஏற்றப்பட வேண்டும். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிடம் அதற்குரிய அறிவு உண்டு. மாநகராட்சியிடம் வரைபடம் உண்டு. வருவாய்த்துறையிடம் பதிவேடு உண்டு. மூன்றும் ஒரே மேசைக்கு வரவேண்டும் என்பதே சிக்கல். தமிழ்நாட்டில் மதுரைக்கருகிலுள்ள அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் அவ்வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது, அரிட்டாபட்டியும் அண்டைச் சிற்றூர்களும் எதிர்த்து நின்றன. அவற்றுக்குக் கையில் ஒரு சட்டமும் கிராம சபையும் இருந்தன. 2025 ஜனவரியில் ஏலம் கைவிடப்பட்டது. கில்பர்ட் குன்றுக்குக் கிராம சபை இல்லை. ஒரு வார்டு உண்டு. அவ்வளவே.

நிலவியல் மரபிடங்களுக்கான சட்ட வரைவு ஒன்றை மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. இத்தகைய இடங்களை அறிவிக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கும், பேணும் பொறுப்பை நிலவியல் ஆய்வுத் துறைக்கும் அது அளிக்கிறது. உளி படாத பாறைக்கும் சட்டத்தில் ஓர் இடம் தேட முயன்றது என்ற அளவில் அது வரவேற்கத்தக்கது. அதிகாரம் முழுவதும் மேலேயே குவிகிறது, உள்ளூராருக்கும் பல்கலைக்கழக ஆய்வாளருக்கும் இடம் போதவில்லை என்ற குறையையும் நிலவியலார் பலர் எடுத்துக் கூறினர். குன்றின் படிகளில் நாள்தோறும் ஏறுபவரும், அதன் அடியில் சமைத்து உண்பவரும், கடலிலிருந்து அதனைத் தேடியவரின் பேரனும் கலந்து பேசும் அவை ஒன்று, எந்தச் சட்டம் வந்தாலும் அதன் கீழ் அமைய வேண்டும். அத்தகைய அவையைக் கூட்டச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. வார்டு அலுவலரின் ஒரு சுற்றறிக்கையே போதும்.